அண்ணன் பார்த்துச் சொன்னால் வாங்குவாள்

தங்கச்சி கேட்டது பெரிய உதவி ஒன்றுமில்லை. "அண்ணா, ஒரே ஒரு தடவ வந்து அந்தக் காரைப் பாரு. நீ சரின்னா வாங்குறேன். வேணாம்னா திரும்பிக்கூடப் பாக்காம வந்துடறேன். சத்தியம்" என்றாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அண்ணனுக்கு, ஊர் வாயில் லிஃப்ட்காரருக்கு, கேட்டதுமே பயம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காதவள் அவள். கல்யாணப் பேச்சை எடுத்து வந்தவர்களை வாசலோடு அனுப்பி வைத்தவள். அப்படிப்பட்டவள் ஒரு முடிவை அப்படியே தூக்கி அவர் கையில் வைக்கிறாள். அது கனமில்லாமல் இருக்குமா?

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். வீட்டில் அவளுக்குச் சைரன் என்று பெயர். வேலையால் வந்த பெயரில்லை அது. தொட்டிலில் கிடந்து அவள் அழுத அழுகைக்கு அப்பா வைத்தது. வேலை பிற்பாடுதான் வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே வருவாள்.

கார் சங்கதியும் சாப்பாட்டு மேசையில்தான் வெளிவந்தது. சின்னக் கார். கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் வேகமான ரகம். பல் டாக்டர் ஒருவர் அதை வாங்கி, வருஷக்கணக்காகப் பிரித்து, மாற்றி, பூட்டி, எஞ்சினின் சக்தியை இரண்டு மடங்காக்கி வைத்திருக்கிறார். இப்போது விற்கிறார்.

"ஏன் விக்கிறாராம்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"நேர்ல வந்து கேளேன்."

அண்ணி சிரித்தாள். "ஏன் சைரன், உனக்கு இருக்குற வேகம் பத்தலையா? சிக்னல்ல நிக்காம போறதுக்குச் சம்பளம் வேற குடுத்து வெச்சிருக்காங்க."

"அது ஆம்புலன்ஸ் அண்ணி. பின்னாடி ஆள் படுத்திருப்பாங்க. வளைவுல பூப்போலத் திருப்பணும்."

"இதுல யாரு படுக்கப்போறா?" என்றார் லிஃப்ட்காரர்.

வாயை விட்டு விழுந்த பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. அண்ணி ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும், கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று. அதைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், லிஃப்ட்காரருக்கு உற்சாகம் பிறந்துவிடும். கயிறு ஒன்றில்லை, பல. ஒவ்வொன்றும் தனியாகவே கூண்டைத் தாங்கும். சரி, அத்தனையும் ஒரே நேரத்தில் அறுந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு சக்கரம் இருக்கிறது. கூண்டோடு கட்டிய ஒரு தனிக் கயிறு அதைச் சுற்றுகிறது. கூண்டு அளவுக்கு மீறி வேகமெடுத்தால் அந்தச் சக்கரத்திலுள்ள எடைகள் வெளிப்பக்கமாக விரிந்து ஒரு கொக்கியைத் தட்டிவிடும். உடனே கூண்டின் அடியிலிருக்கும் இரும்புத் தாடைகள் இரு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். வேகமே வேகத்தை நிறுத்திவிடும். இதைச் சொல்லும்போது அவர் கை இரண்டும் தாடைகளாக மாறிக் காற்றைக் கவ்வும்.

அந்தக் கொக்கியை யாரோ வேண்டுமென்றே கழற்றி வைத்த லிஃப்ட்தான் இந்தக் கார் என்று அவருக்குப் பட்டது. கம்பெனி போட்ட வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்களாம். விளம்பரத்தில் அதையே பெருமையாகப் போட்டிருந்தார்கள். அன்றிரவு அவர் புரண்டு புரண்டு படுத்தார். அண்ணி ஒருமுறை மட்டும் கேட்டாள்: "வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"பாக்காமலா?"

"பாத்துட்டுச் சொல்லுங்க."

"குறை இருந்தாச் சொல்வேன். இல்லன்னா?"

அவர் பயந்ததும் அதற்குத்தான்.

*

பல் டாக்டரின் கார் ஷெட் அவருடைய கிளினிக் போலவே இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சுவரில் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகத் தொங்கின. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு வந்த டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க வாங்க. பயப்படாதீங்க, இங்க யார் வாயையும் திறக்கச் சொல்லமாட்டேன்."

துணியை விலக்கினார். சாம்பல் நிறக் கார், தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. தங்கச்சி கிட்டே போய் அதன் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். நோயாளியின் நெற்றியைத் தொடுகிற மாதிரிதான் தொட்டாள். லிஃப்ட்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போலப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"முதல்ல சாவிய மட்டும் போடுங்க டாக்டர். ஸ்டார்ட் பண்ண வேணாம்."

டாக்டர் சாவியைத் திருப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன. எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு, பிரேக் விளக்கு, ஏர்பேக் விளக்கு. எல்லாம் எரிய வேண்டும், அதுதான் முறை. வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. அதன் பிறகு ஏர்பேக் விளக்கு மட்டும், எஞ்சின் ஓடுகிறதோ இல்லையோ, சற்று நேரத்தில் தானாக அணைய வேண்டும். எண்ணெய் விளக்கு அப்படியில்லை. எஞ்சின் ஓடி எண்ணெய்க்கு அழுத்தம் வந்தால்தான் அணையும்.

லிஃப்ட்காரர் காத்திருந்தார். ஏர்பேக் விளக்கு அணையவில்லை.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. எண்ணெய் விளக்கு அணைந்தது. அதே நொடியில் ஏர்பேக் விளக்கும் அணைந்தது. சொல்லி வைத்துக்கொண்ட மாதிரி இரண்டும் ஒன்றாகப் போயின.

லிஃப்ட்காரர் டார்ச்சை ஸ்டியரிங்மேல் அடித்தார். "ஏர்பேக் விளக்கோட ஒயரை எண்ணெய் விளக்கோட சேத்திருக்கீங்க."

டாக்டரின் பற்கள் கொஞ்சம் மறைந்தன. "கண்டுபிடிச்சிட்டீங்களே! ரேஸ் ஸ்டியரிங் போட்டேன் இல்லையா, அதுல ஏர்பேக் கிடையாது. இல்லன்னா விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும். கண்ண உறுத்தும். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

லிஃப்ட்காரரின் தொழிலிலும் இது உண்டு. லிஃப்ட் கதவு மூடியதும் ஒட்டிக்கொள்ளும் காண்டாக்ட் கெட்டுவிட்டால், கதவு மூடியிருந்தாலும் லிஃப்ட் நகராது. சோதித்துப் பார்க்க ஒரு துண்டு ஒயரால் அந்தக் காண்டாக்டைத் தாண்டிப் பாலம் போடுவார்கள். கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிக்கொண்டு நகரும். வேலை முடிந்ததும் அந்த ஒயரை எடுக்க மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே கூண்டு மேலே போய்விடும். பழக்கத்தில் காலை உள்ளே வைக்கிறவர் குழிக்குள் போவார். அதனால் லிஃப்ட்காரர் தன் ஒயரை வேண்டுமென்றே ஒரு முழத்துக்கு மேல் வைத்திருப்பார், பளிச்சென்ற சிவப்பில். அது வெளியே தொங்கும்வரை பேனல் பெட்டியின் கதவு மூடாது. மறக்க நினைத்தாலும் மறக்க முடியாது. இங்கே அந்த ஒயரை அழகாகச் சுற்றி, டேப் ஒட்டி, உள்ளே மறைத்திருக்கிறார்கள்.

"குறை கிடைச்சிடுச்சா?" என்றாள் தங்கச்சி. குரலில் கிண்டல் இருந்தது.

"ஒண்ணு."

"அத அடுத்த வாரமே சரி பண்ணிடலாம். பழைய ஸ்டியரிங் இருக்கில்ல டாக்டர்?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு."

ஆக, அது குறையில்லை. லிஃப்ட்காரர் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் ஊர்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வெல்டிங் ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். நல்ல வெல்டிங் மீன் செதில் மாதிரி ஒரே அளவு அலைகளாகப் போகும். அவசரத்தில் வைத்தது மெழுகு வழிந்த மாதிரி இருக்கும். இங்கே அத்தனையும் செதில். பிரேக் தட்டுகள் கம்பெனித் தட்டைவிடப் பெரிது. பிரேக் குழாய்கள் இரும்புப் பின்னல் போட்டவை. போல்ட்டுகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு, தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஒரு கோடும் விலகவில்லை. எங்கேயாவது ஒரு கசிவு, ஒரு துரு, ஒரு விரிசல் கிடைக்காதா என்று அவர் மனம் ஏங்கியது. அந்த ஏக்கத்தை உணர்ந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. பல வருஷமாகக் குறை இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே லிஃப்ட் குழிக்குள் இறங்கியவர், இன்றைக்கு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிடந்தார்.

வெளியே வந்தபோது டாக்டர் கைதுடைக்கத் துணி நீட்டினார்.

"இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கீங்க. ஏன் விக்கிறீங்க?"

டாக்டர் தன் வலது கையைத் தூக்கி விரல்களை விரித்தார். "இத ஓட்டிட்டுப் போய் கிளினிக்ல உக்காந்தேன்னா முதல் ஆளுக்கு ஊசி போடும்போது கை நடுங்குது. ரொம்ப நேரம் நடுங்குது. பண்ணும்போது பயமே இல்ல சார். ஒவ்வொரு சாமானா மாட்டும்போது சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எல்லாம் மாட்டி முடிச்சு ஓட்டிப் பாத்தப்பதான்…" டாக்டர் விரல்களை மடக்கிக்கொண்டார். "ஓட்டத் தெரிஞ்ச கைக்குப் போகட்டும்னு பாக்குறேன். உங்க தங்கச்சி தொழிலே ஓட்டுறதுதானே?"

லிஃப்ட்காரர் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். அவள் டாக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஏதோ பொறாமை மாதிரி இருந்தது. அவருக்கு அப்போது அது விளங்கவில்லை.

*

பின்சீட்டு இல்லை. அங்கே வண்டியின் எலும்புக்கூடு மாதிரி இரும்புக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமலிருக்க. அதனால் டாக்டர் ஷெட்டிலேயே நின்றுகொண்டார்; இருவரும் வந்திருந்த தங்கச்சியின் பழைய காரின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு தன் சாவியைக் கொடுத்தார். லிஃப்ட்காரர் குனிந்து, முடங்கி, ஒருவழியாக உள்ளே நுழைந்தார். நான்கு பெல்ட் பட்டைகள் அவரைச் சீட்டோடு வைத்துக் கட்டின. தலைக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய். அதில் ஸ்பாஞ்ச் சுற்றியிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தால் அந்தக் குழாய் காப்பாற்றும். வெறும் தலை என்றால் அதுவே மண்டையைப் பிளக்கும். அதை அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

குடோன்களுக்குப் பின்னாலிருந்த நேர்சாலைக்கு அவள் போனாள். விடுமுறை நாள், ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் சுவர்களும் இரும்புக் கேட்டுகளும்.

"டாக்டர் மாட்டின டர்போ எப்படி வேல செய்யும், உனக்குப் பிடிக்குமே, சொல்லு" என்றாள். அவரைச் சமாதானப்படுத்தத்தான் கேட்டாள். அவரும் பயத்தில் பேசினார். பேசினால் மூச்சு வந்தது.

"எஞ்சின்லேருந்து வெளிய போற புகை இருக்கில்ல, அது சும்மாதான் போகுது. போற வழியில ஒரு சக்கரத்த வெச்சா அதச் சுத்திட்டுப் போகும். அந்தச் சக்கரத்தோட தண்டுல மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்த உறிஞ்சி எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூடுதலா எரியும், சக்தி கூடும். சக்தி கூடினா புகை கூடும். புகை கூடினா சக்கரம் இன்னும் வேகமா…"

"சுத்தும். அப்புறம்?"

"பெரிய சக்கரமா வெச்சா அது சுத்த ஆரம்பிக்கவே நேரமாகும். மிதிச்சதும் ஒண்ணும் நடக்காது. நடக்காது, நடக்காது, திடீர்னு மொத்தமும் ஒரே…"

அவள் மிதித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம். ஏதோ தூரத்தில் விசில் அடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை எழுந்தது. லிஃப்ட்காரர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு அவர் முதுகில் யாரோ எட்டி உதைத்தார்கள். சுவர்கள் கலங்கி ஒரே பட்டையாக ஓடின. கத்த நினைத்தார், கத்துவதற்கான காற்று உள்ளே இல்லை.

அப்போது இடப்பக்கத்துக் கேட் ஒன்றிலிருந்து ஒரு லாரியின் பின்புறம் மெதுவாகச் சாலைக்குள் வந்தது.

அவள் பிரேக்கை மிதித்தாள். பட்டைகள் தோளுக்குள் இறங்கின. வண்டி மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கொஞ்சமும் அலையாமல், நேர்கோட்டில் நின்றது. லாரியின் பின்பலகையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூட அவரால் பார்க்க முடிந்தது. லாரிக்காரன் எட்டிப் பார்த்து, ஒன்றும் நடக்காததுபோலக் கையாட்டிவிட்டு, வண்டியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டான்.

"பிரேக் அருமையாப் பிடிக்குது இல்ல?" என்றாள் தங்கச்சி.

லிஃப்ட்காரர் பக்கத்துக் குழாயை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். வெந்நீர் கொதிக்கக் காத்திருக்கிறவள் மாதிரி இருந்தது அந்த முகம். வேர்வை இல்லை. உதடு வெளுக்கவில்லை.

"உனக்கு… உனக்கு ஒண்ணுமே ஆகலையா?"

அவள் இடது கையை நீட்டினாள். "நாடி பிடிச்சுப் பாரு. உனக்குத்தான் எதையும் தொட்டுப் பாக்கணுமே."

பிடித்தார். அவருடைய விரல் நுனியிலேயே அவர் நெஞ்சு தடதடத்ததால் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவளுடையது தனியாகப் பிடிபட்டது. தூங்குகிறவளின் நாடி. ஒன்று. நிதானமாக இன்னொன்று.

"ஏறல, பாத்தியா?" என்றாள். "கொஞ்ச நாளாவே ஏறமாட்டேங்குது. முன்னெல்லாம் சைரன் போட்டதும் வயித்த ஒரு பிடி பிடிக்கும். சந்திப்புக்குள்ள நுழையும்போது கால் தானா பிரேக்குக்கு மேல போய் நிக்கும். இப்பப் போறதில்ல. போன மாசம் ஒரு திருப்பத்துல சைக்கிள்ல ஒரு ஆள். நூலிழைல தப்பிச்சாரு. பக்கத்துல இருந்த நர்ஸ் அலறிட்டா. நான் அடுத்த தெருவுல எங்க திரும்பணும்னு யோசிச்சுகிட்டிருந்தேன் அண்ணா. அந்த ஆள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுக்கம் சீட்டு வழியாக அவர் எலும்புக்குள் ஏறியது.

"இந்த மாதிரி வண்டின்னா வரும்னு நினைச்சேன். தனக்கே கை நடுங்குதுன்னு டாக்டர் ஃபோன்ல சொன்னாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இதுல வரலன்னா எதுல வரும்? வாரத்துக்கு ஒரு தடவ ஓட்டினா, பழக்கம் திரும்பிடும்னு…"

"இப்ப வந்துச்சா?"

"வரல." அவள் சாலையைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வேகமாப் போனா வருமோ என்னமோ."

லிஃப்ட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிய அத்தனை நேரமும் அவர் தேடவேண்டிய குறை அங்கே இல்லை. அது மாடியறையில் குடியிருந்தது. தினமும் கீழே வந்து அவரோடு சாப்பிட்டது. காலையில் கிளம்பிப் போய், ஆளை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு நடுவே பாய்ந்தது. இந்தக் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் வேண்டாம் என்று விட்டுவிடுவாள். விட்டுவிட்டு நாளைக்கு ஆம்புலன்ஸில் ஏறுவாள். அந்த நினைப்பில் அவர் பயம் இரண்டு மடங்கானது.

"சொல்லு அண்ணா. வாங்கலாமா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அடித்தட்டில் விரிசல் இருக்கிறது என்று சொன்னால் போதும். நம்புவாள். பார்த்துச் சொல்லும் வேலையில் அவர் பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அழைத்து வந்தாள். அதனாலேயே பொய் திரும்ப உள்ளே போய்விட்டது.

"இறங்கு" என்றார். "நான் ஓட்டுறேன்."

"நீயா? எதுக்கு?"

"உன் பக்கத்துல உக்காந்து திரும்பி வர எனக்குத் தெம்பில்ல. இறங்கு."

*

கம்பெனி வேனை வருஷக்கணக்கில் ஓட்டியவர்தான். ஆனால் வேனின் கிளட்ச் மெதுவாக விட்டுக்கொடுக்கும். ஓட்டுகிறவன் தூங்கி வழிந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ரேஸ் கிளட்ச் விளக்கு ஸ்விட்ச் மாதிரி, ஒன்று பிடித்திருக்கும், இல்லாவிட்டால் விட்டிருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. காலை எடுத்தார், வண்டி ஒரு தவளைத் தாவல் தாவி அணைந்தது. இன்னொரு தடவை. அப்போதும் தவளை.

"அண்ணா, லிஃப்ட்ல பட்டன் அழுத்துற மாதிரி நினைச்சியா?" தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டைகளைப் போடாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பட்டைய மாட்டு."

"நீ போற வேகத்துக்கா?"

"மாட்டுடி!"

மாட்டினாள். மூன்றாம் முயற்சியில் வண்டி நகர்ந்தது. கியர் மாற்றினார். ஆக்சிலேட்டரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. சற்று முன் அவரே விளக்கியதுதான். ஆனால் விளக்கிய வாய் வேறு, மிதிக்கிற கால் வேறு. லிஃப்ட் வரவில்லை என்று பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்துகிறவர்களைப் பார்த்து அவர் எத்தனை தடவை சிரித்திருக்கிறார்! அதையே செய்தார். வரவில்லையே என்று இன்னும் அழுத்தினார். அந்த மெல்லிய விசில் எழுந்தபோது கால் அடிவரை போயிருந்தது.

மொத்தமும் வந்தது.

முன்சக்கரங்கள் தரையைப் பிறாண்டின. ஸ்டியரிங் உயிருள்ளதுபோல அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. குடோன் சுவர் கண்ணாடி முழுவதையும் நிரப்பிக்கொண்டு வந்தது.

"அண்ணா! கால எடு! கால எடு!"

அந்தக் குரலை, அவள் தொட்டிலில் கிடந்த காலத்துக்குப் பிறகு அவர் கேட்டதில்லை. காலை எடுத்தாரா, பிரேக்கை மிதித்தாரா, இரண்டுமா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. முன்சக்கரம் ஓரக்கல்லில் மோதி ஏறியது. எஞ்சின் அணைந்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு இடம் இருந்தது.

சத்தமில்லை. எங்கோ சூடான இரும்பு 'டிக், டிக்' என்று ஆறியது.

லிஃப்ட்காரர் பக்கவாட்டில் பார்க்கப் பயந்தார். பார்த்தார். தங்கச்சியின் வலது கால், பிரேக்கே இல்லாத இடத்தில் தரையை மிதித்தபடி விறைத்திருந்தது. ஒரு கை தலைக்கு மேலிருந்த குழாயை இறுக்கியிருந்தது, விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வாயால் மூச்சு வாங்கினாள்.

"லூசாடா நீ?" என்றாள். பிறந்ததிலிருந்து அவரை அவள் 'டா' போட்டதில்லை. "செத்திருப்போம். ரெண்டு பேரும் செத்திருப்போம். அண்ணிக்கு யாரு… யாரு போய்ச் சொல்றது?"

பற்கள் தந்தியடித்தன. அதன் பிறகு அழுதாள். அவர் அவள் நாடியைத் தொடவில்லை, தோளைத்தான் தொட்டார். அவருக்கும் அழுகை வந்தது, ஆனால் இருவரில் ஒருவராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சாலையிலிருந்து நகர்த்தியாக வேண்டுமே.

நகர்த்த ஆளில்லை. நீ ஓட்டு என்றார். நான் மாட்டேன் என்றாள். உண்மையிலேயே மாட்டேன் என்றாள். கடைசியில் டாக்டருக்குப் போன் போட்டார்கள்.

"வண்டி நின்னுடுச்சா?" டாக்டர் பதறினார்.

"வண்டி நல்லா ஓடுது டாக்டர். எங்களாலதான் முடியல."

டாக்டர் தங்கச்சியின் பழைய காரில் வந்து சேர்ந்தார். ஓரக்கல்லில் ஏறி நின்ற சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், வளைவு இல்லை, ஒரு கீறல். அண்ணன் தங்கை முகங்களைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"என்ன முடிவு பண்ணீங்க?"

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். சொன்ன சொல்லில் நின்றாள்.

"வண்டில ஒரு குறையும் இல்ல டாக்டர். நான் பாத்த வண்டியிலேயே இதுதான் சுத்தம்" என்றார் லிஃப்ட்காரர். "வேணாம்."

டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டார். தன் காரின் கதவைத் திறந்து, ஏறுவதற்கு முன் வலது கையை ஒருமுறை உதறிக்கொண்டார்.

*

பழைய காரைத் தங்கச்சிதான் ஓட்டினாள். அவர் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"நாளைக்கு டியூட்டி இருக்கா?" என்று பாதி வழியில் கேட்டார்.

"இருக்கு."

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடு. சைக்கிள்காரர் விஷயத்த. எல்லாத்தையும்."

"சொன்னா ஸ்டியரிங்கப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும் கொஞ்ச நாளைக்கு."

"உனக்கென்ன, ஈஸியாச் சொல்லிட்டே. அது இல்லன்னா நான் யாரு? மாடில உக்காந்து என்ன பண்ணுவேன்?"

எந்தச் சக்கரத்தில் எந்த எடை விரிந்தால் எந்தக் கொக்கி தட்டும் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்குள் அது எங்கே இருக்கிறது, ஒருமுறை தட்டியது மறுபடி தட்டுமா, நாளைக் காலை சைரன் போட்டதும் அவள் கால் தானாக எங்கே போகும், எதுவும் தெரியாது. தெரியாதது அவரை அந்தக் காரைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"நான் வர்றேன் கூட" என்றார். "நீ சொல்லும்போது பக்கத்துல நிக்கிறேன்."

அவள் கியரை மாற்றினாள்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நின்றாள். பச்சை வந்தது. முன்னாலிருந்த பைக் போனது. அவள் போகவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் பக்கத்துச் சாலையை எட்டிப் பார்த்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இன்னொருவனும் சேர்ந்துகொண்டான்.

லிஃப்ட்காரர் அவள் கழுத்தோரம் நரம்பு துடிப்பதைப் பார்த்தார். பயம் திரும்பிவிட்டது, நல்லதற்கா கெட்டதற்கா என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணா, உன் பக்கம் யாராச்சும் வர்றாங்களா பாரு."

பார்த்தார். "யாரும் இல்ல."

"இன்னொரு தடவ பாரு."

ஹாரன்கள் அலறின. அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இன்னொரு தடவை பார்த்தார்.